சம்பந்தித் துணி யார் பக்கம்?

ஈரேழு பதினாலு லோகத்திலும் நிகரில்லாத நூல் வியாபாரியே, என் தங்கச்சியைக் கட்டிய ஒரே தகுதியில் ஆயுசு முழுக்க என்னிடம் வம்பிழுத்த அன்பு மாப்பிள்ளை ஆரோக்கியத்துக்கு,

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் கல்லறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. நிலக்கோட்டை மல்லிகை மொத்தத்தையும் வேனில் ஏற்றி வரச் சொல்லியிருந்தேன். என் தங்கச்சி குறுக்கே விழுந்து, “ரெண்டு முழம் போதும்ண்ணே” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு என்றைக்குமே பிரம்மாண்டம் பிடிக்காது. உன்னைக் கட்டிக்கொண்டதே அதற்குச் சாட்சி.

சேதிக்கு வருகிறேன். உன் மகள் ரெஜினா கப்பலில் துணி ஏற்றுகிறாள். முதல் வெளிநாட்டு ஆர்டர். எந்தத் துணி என்கிறாய்? நம்ம சம்பந்தித் துணிதான்!

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் அப்பா அகரத்தில் பருத்தி போட்டவர். இந்த மாப்பிள்ளை திண்டுக்கல்லில் பாலியெஸ்டர் நூல் விற்றவன். கல்யாணத்துக்கு எங்கள் பஞ்சையும் அவன் பாலியெஸ்டரையும் எடைக்கு எடை சரிபாதி கலந்து, தறியில் ஒரு சட்டைத் துணி நெய்யச் சொன்னான். இரண்டு வீட்டு ஆம்பளைகளும் அதில்தான் சட்டை தைத்தோம். கல்யாண போட்டோவில் எவன் பெண் வீடு, எவன் மாப்பிள்ளை வீடு என்று அந்தத் தேவதூதர்களே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அது சம்பந்தித் துணி. அப்புறம் அதுவே அவன் கடைச் சரக்காகவும் ஆனது.

ஆனால் நமக்குள் சண்டை ஓய்ந்ததா? “எங்க நூல் இல்லாட்டி ஒங்க துணி ஒரு துவைப்புக்குக் கசங்கின அப்பளம்டா” என்பாய் நீ. “எங்க பஞ்சு இல்லாட்டி நீ மணமேடையிலயே வெந்து இட்லியாயிருப்படா” என்பேன் நான். துணியில் யார் கை ஓங்கி நிற்கிறது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கோர்ட்டும் இல்லாமல் போய்விட்டதே என்று ஏங்கியிருக்கிறோம். இருக்கிறது மாப்பிள்ளை. அதற்குக் கஸ்டம்ஸ் என்று பேர்.

தூத்துக்குடியில் சரக்கை ஏற்றிவிடும் ஏஜெண்ட் போனில் விளக்கினார். “எந்தத் துணின்னாலும் ஒரு நம்பர் போட்டாகணும்மா. பருத்தின்னா சுங்கப் பட்டியல்ல அம்பத்திரண்டாவது அத்தியாயம். ஒங்களுது மாதிரி பாலியெஸ்டர்னா அம்பத்தஞ்சு. ரெண்டும் கலந்திருந்தா எது எடை கூடவோ, மொத்தத் துணிக்கும் அது பேருதான்.”

எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்று கைதட்டியது. ரெஜினா முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

“வாங்குறவங்க இதைப் பருத்தித் துணின்னு நெனச்சுத்தான் ஆர்டர் குடுத்திருக்காங்க மாமா. நம்பர் மாறினா அங்க அவங்களுக்கு வரி மாறும். வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிருவாங்க.”

“அப்பப் பருத்தின்னு போட்டுரு தாயி. நான் சொல்றேன்ல.”

“நீங்க சொல்லுவீங்க. மொதச் சரக்குலயே பொய்க்காரின்னு பேரெடுத்தா அப்புறம் எந்தத் துறைமுகத்துல என் பொட்டியத் தொறக்காம விடுவாங்க? பரிசோதனைக் கூடத்துல குடுத்துப் பாத்துருவோம்.”

துணித் துண்டை நானே கொண்டுபோகிறேன் என்று கிளம்பினேன். என் தியாக உள்ளத்தைப் பார்த்துத் தங்கச்சிக்கு அப்போதே சந்தேகம். “அண்ணே, நேராப் போயிட்டு நேரா வரணும்” என்றாள்.

நேராகத்தான் போனேன், ஆத்தூர் அணை வழியாக.

பஞ்சு ஈரத்தைக் குடித்து எடை கூடும், உன் பாலியெஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மா இருக்கும். இது நீயே எனக்குச் சொன்னது. ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அணைக் கரையில் குடைக்கு அடியில் துணியை நீட்டிப் பிடித்தபடி நின்றேன். நனையக்கூடாது, காற்றில் இருக்கிற ஈரத்தை மட்டும் அது குடிக்க வேண்டும். எங்கள் பஞ்சு ஒரு ஏரியையே உறிஞ்சியது மாப்பிள்ளை! அணையில் நீர்மட்டம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “என்னப்பு, மழையில போயி காயப்போடுற?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஆடுகளை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

“ஐயா, நாங்க எதையும் மொதல்ல சூட்டுப் பெட்டியில வச்சு மொறுமொறுன்னு காயவச்சுருவோம். ஈரத்துக்குன்னு பொதுவா ஒரு அளவு இருக்கு, அதைத்தான் அப்புறம் சேத்துக்குவோம். நீங்க கடல்ல முக்கிட்டு வந்தாலும் ஒண்ணுதான்.”

“சரிம்மா. பஞ்சையும் பாலியெஸ்டரையும் எப்படிப் பிரிப்பீங்க?”

“அமிலத்துல போடுவோம். பஞ்சு கரைஞ்சு போயிரும். பாலியெஸ்டர் மட்டும் நிக்கும்.”

“எது கரையும்?”

“பஞ்சு.”

ஏலே ஆரோக்கியம்! பெண் வீட்டாரை அமிலத்தில் கரைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை நிற்கவைத்து எடை போடுகிறார்கள் இந்த உலகத்தில்! இது எந்த ஊர் நியாயம்? நீ மேலே இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தம் எனக்கு இங்கே இடியாகக் கேட்டது. திரும்பி வந்த பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை மூடினார்கள்.

முடிவு வந்தது. இரண்டும் சமம். நூலிழை பிசகில்லாமல் சமம். உன் கலப்பில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை மாப்பிள்ளை. எத்தனையோ தறி மாறியும் துணி அப்படியே இருக்கிறது. ரெஜினா அந்தத் தாளை உன் படத்துக்குக் கீழே செத்த நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

“சமமா வந்தா அதுக்கும் ஒரு விதி இருக்கும்மா” என்றார் அவர். “நம்பர் வரிசையில எது கடைசியோ, துணி அதுக்குத்தான் போகும். அம்பத்தஞ்சு போட்டுக்கோங்க.”

கடைசிப் பந்திக்கு வந்தவனுக்கு மொத்தப் பாயசமும்! நான் விடுவேனா? “ஒரே ஒரு இழை பருத்தி கூடன்னு எழுதிரு தாயி. ஒத்த இழை. யாரு எண்ணப் போறா?”

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அச்சு அசல் உன் முழி.

“அப்பா சரிபாதின்னு நெய்யச் சொன்ன துணி மாமா. ஒங்க பக்கம் ஒரு இழை கூடுச்சுன்னா அது வேற துணி. அதுக்கு நீங்க வேற பேரு வையுங்க.”

இத்தனை வருஷம் உன்னிடம் தோற்காதவன், அந்த இடத்தில் உன் மகளிடம் தோற்றேன். வாங்குகிறவர்களுக்கு அவளே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். பதில் வர நேரமானது. நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து, சாப்பிட்ட வெஞ்சனம் என்னவென்றே தெரியாமல் சாப்பிட்டோம். கடைசியில் பதில் வந்தது. ஆர்டரில் பாதியை மட்டும் இப்போது அனுப்பச் சொன்னார்கள். சரிபாதித் துணிக்குச் சரிபாதி ஆர்டர்.

எனக்குத்தான் ஆற்றாமை. உன் மகள் சிரிக்கிறாள். “பாதி போகுதுல்ல மாமா? நல்லாருந்தா மீதியை அவங்களே கேப்பாங்க.” கேட்பார்கள் மாப்பிள்ளை. அந்தப் பெண்ணுக்கு உன் முழியும் என் நெஞ்சுரமும் இருக்கிறது, எடைக்கு எடை. நேற்றுச் சரக்கு லாரியேறித் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அதன் மேல் அம்பத்தைந்தாம் அத்தியாயத்து நம்பர் இருக்கிறது. உலகத்துத் துறைமுகம் எல்லாம் சாட்சியாக, மாப்பிள்ளை வீடு ஜெயித்தது.

லாரி திரும்பும்போது கண்ணில் ஏதோ விழுந்தது. தூசிதான், வேறென்ன? கல்யாணச் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டேன். அந்த ஈரத்தைக் குடித்தது எது என்று கேட்கிறாயா? உன் பாலியெஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மாதான் இருந்தது. குடித்தது முழுக்க எங்கள் பக்கம். இதற்குச் சூட்டுப் பெட்டி கிடையாது மாப்பிள்ளை.

திருநாளன்று அதே சட்டையில் வாரேன். இப்போது வாக்குக் கொடுக்கிறேன்: நான் இருக்கிற வரைக்கும் இந்தத் துணியில் உன் பக்கம் ஒரு இழை கூடவும் விடமாட்டேன், என் பக்கம் ஒரு இழை கூடவும் விடமாட்டேன்.

பெண்ணும் கொடுத்து, கேஸிலும் தோற்ற
உன் மச்சான்,
லூர்து