உன் அப்பா உப்ப வைத்த கன்னம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, இந்த வீட்டில் ஒருத்தர் பொய் சொல்வது போதாதா என்று நிறுத்திக்கொண்டேன். எனக்கு முட்டிவலி தவிர ஒன்றுமில்லை. உன் அப்பாவும் அவருடைய வீம்பும் பரம சௌக்கியம். உன் தங்கைதான் நன்றாக இல்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று துண்டித்துவிடுவாய், செய்தி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், அதனால்தான் கடிதம். கூரியரில் போடுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வாரம் நம் ஸ்டூடியோவில் எடுத்த படத்தை அப்பா உனக்கு அனுப்பினாரே, அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லாத்தானே இருக்கா, கன்னமெல்லாம் வந்துருக்கு, இன்னும் எதுக்கு டாக்டர், கவுன்சிலிங்னு அலையுறீங்க" என்று எழுதினாயே மகராசா, அந்தக் கன்னம் அவளுடையது இல்லை. உன் அப்பா கம்ப்யூட்டரில் செய்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தொப்பையைக் கரைத்து மீதிப் பேருக்கு மூக்கை நிமிர்த்தின கை, சொந்த மகளுக்குக் கன்னத்தை உப்ப வைத்துவிட்டது. தூரத்தில் இருக்கிற பிள்ளை கவலைப்படக் கூடாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், இவர் பெற்ற பெண்ணையே மறைத்துவிட்டார். அதோடு விட்டாரா? உன் பதிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாத்தியா, படிச்ச பையனே சொல்லிட்டான், இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேணாம்" என்று அவள் காதிலும் விழும்படி எனக்குத் தீர்ப்பு வாசிக்கிறார். தானே ஒரு பொய்யைச் செய்து, அதற்கு வந்த பதிலைத் தானே நம்புகிற புத்திசாலியை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா?

கடையில் படங்களை அச்சுக்கு அனுப்புவதே உன் தங்கைதான் என்பதுகூட அந்த மண்டையில் உறைக்கவில்லை. அவர் எடுத்த படம், அவர் திருத்திய படம் இரண்டையும் அவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கே என்னை இப்படிப் பாக்கப் பிடிக்கலைல்லம்மா" என்றாள். அன்றைக்குத் தட்டைத் தொடவில்லை, அடுத்த நாளும் இல்லை. அந்த டயட்டீஷியன் பெண் கெஞ்சாமல் கொஞ்சாமல் ஒவ்வொரு வாயாகப் பழக்கிக் கொண்டுவந்ததெல்லாம் ஒரே படத்தில் போச்சு.

இது கொழுப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை, அழகுப் பைத்தியமும் இல்லை, நோய் என்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். பசித்தாலும் தட்டைப் பார்த்தால் அவளுக்குப் பயம். தலைமுடி கொட்டுகிறது, நல்ல வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள், இதயத் துடிப்பு மந்தமாக இருக்கிறது, சிகிச்சையை நடுவில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். உன் அப்பா அங்கே தலையைத் தலையை ஆட்டினார், வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே, "அந்தம்மா சும்மா பயமுறுத்துது" என்றார். இவருக்கு ஏற்ற தங்கை, ஊர் வம்பையெல்லாம் ஒலிபரப்புகிற உன் ரேடியோ அத்தை. விஷயம் கேட்டுவிட்டு, "எனக்கு இந்த வியாதி வர மாட்டேங்குதே" என்று இடுப்பைத் தட்டிச் சிரித்தாள், அதுவும் பிள்ளையின் முகத்துக்கு நேரே. அடுத்தவர் வீட்டு நோய்க்குப் பொறாமைப்படுகிற ஜென்மத்தை என்ன சொல்வது? வாசல் எந்தப் பக்கம் என்று காட்டினேன். கோபித்துக்கொண்டாளாம், நல்லதாய்ப் போயிற்று.

இதையும் கேள். இந்தப் படக் கூத்துக்கு முன்னால் ஒரு சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்தார். இதே நோயைப் பற்றி விழிப்புணர்வுக் கூட்டமாம், பேனர் அடிக்க வேண்டுமாம். எலும்பும் தோலுமாக ஒரு பெண் படம் இருந்தால்தான் மனதில் பதியும் என்று உன் தங்கையிடமே சொல்லி, அவளை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். அவள் நிதானமாக, "சார், குண்டா இருக்கறவங்களுக்கும் இது வரும், ஆம்பளைங்களுக்கும் வரும், பாத்தா தெரியாது, அதைப் போடுங்க" என்றாளாம். "அதுக்குப் படம் எடுப்பா வராதேம்மா" என்று கவலைப்பட்டாராம் அந்த மகான். விழிப்புணர்வு ஊருக்குத்தான் போலிருக்கிறது, அவருக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு என் பிள்ளை சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணைத்தான் நீங்கள் அப்பனும் மகனுமாகச் சேர்ந்து மறுபடி மூலையில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் அவளாகவே அடுப்படிக்கு வந்து, "கொஞ்சம் போடும்மா, ஆனா எந்திரிச்சுப் போயிராத" என்றாள். நான் போகவில்லை. மாடிவீட்டுக்காரி குழாயை மூடாமல் ஊருக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள், பாதியில் நிறுத்தினாள், திரும்ப எடுத்தாள். அப்படி எதையாவது பேசிக்கொண்டு அவள் சாப்பிடும்போது கூடவே உட்காருவதைத்தான் டாக்டரம்மா எங்களிடம் கேட்டார், உன் அப்பாவுக்கு அதற்குத்தான் முதுகு வளையவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த மாசம் மொத வியாழன் செக்கப் இருக்கேம்மா, அண்ணனே வேணாங்கறான், நான் போகவா?" என்று கேட்டாள். நீ பிறந்த வீட்டில் உன் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது அந்தப் பைத்தியம்.

நீ நல்ல புத்தியோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். புத்தியை முதலில் சொன்னது வேண்டுமென்றுதான். உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு போன் செய்யும்போது சாப்பிட்டாயா என்று கேட்காதே, இளைத்தாய் என்றோ தேறினாய் என்றோ ஒரு வார்த்தை வரக்கூடாது. பேச ஒன்றும் இல்லையென்றால் உன் மேலதிகாரியைத் திட்டு, அவளுக்கு அது பிடிக்கும். ஆனால் போகவேண்டாம் என்று சொன்ன அதே வாயால் போ என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும். அண்ணனையே கேட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இதோ, கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா