இடது பின்கதவுக் கீறல்

மார்ச் 5, செவ்வாய்

தினேஸ்வரி சுங்கை சிப்புட்டிலிருந்து போன் செய்தாள். பதினேழாம் தேதி பேத்திக்குக் காது குத்து. "வாங்கப்பா. ஆனா அந்தக் கீறலோட காரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தாதீங்க. அம்மா பாத்தா மறுபடி அழும்."

அழட்டும். கீறியது யார்? போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் காரை எடுத்துப் போனது அவள் அம்மா கலாதேவி. திரும்பி வந்தபோது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். "நான் இடிக்கலங்க" என்றாள். மகள், மருமகன் எதிரிலேயே பொய்க்காரி என்றேன். அன்றைக்கே அவர்களோடு கிளம்பிவிட்டாள். ரெண்டு வாரம் என்று போனவள். ஏழு மாதம் ஆகிறது.

அந்தக் கீறலை நான் தொடவில்லை. அது சாட்சி.

மார்ச் 7, வியாழன்

செமோர் டவுன் பெயிண்ட் கடையில் காரின் கலர் நம்பருக்கு ஏற்ற வெள்ளி நிறத்தில் ஸ்ப்ரே டின் வாங்கினேன். "பட்டறையில விடுங்கண்ணே" என்றான் கடைக்கார சீனி. முப்பது வருஷம் எஸ்டேட்டில் ரப்பர் பால் லாரி ஓட்டியவன் நான். என்ஜினைப் பிரித்து மாட்ட யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றேன். ஒரு கதவுக்குப் பட்டறையா?

சமாதானத்துக்கு இல்லை. பேத்திக்காக.

மார்ச் 9, சனி

தண்ணீர் தொட்டு மணல்தாளால் தேய்த்தேன். கீறலின் அடியில் மஞ்சளாக ஏதோ. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். துரு இல்லை, பெயிண்ட்.

எங்கள் கேட் பச்சை. கோயில் வாசல் வெறும் திடல். மஞ்சள் எங்கிருந்து வந்தது?

தெரியும். எழுதக் கை வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எழுதுகிறேன். ஈப்போவில் கண் கிளினிக். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மஞ்சள் தூண். அந்த ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் நான் மட்டும் அங்கே போனேன். இடது கண்ணில் புரை, கார் ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டில் சொல்லவில்லை.

இன்று போய்ப் பார்த்தேன். கிளினிக் பூட்டியிருந்தது. தூணில் வெள்ளிக் கோடு இன்னும் இருக்கிறது. அளவு நாடா வைத்து அளந்தேன். கதவிலும் அதே உயரம்.

மார்ச் 11, திங்கள்

அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடித்துவிட்டேன். மஞ்சள் போயிற்று. இனி யாருக்குத் தெரியும்?

மனுஷன்னா ஒரு தப்பு நடக்காதா? அவளாவது நின்று சண்டை போட்டிருக்கலாம். ஒரே வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா நான் என்னன்னு நினைக்கிறது?

மார்ச் 12, செவ்வாய்

கீறலைச் சுற்றி டேப் ஒட்டி அடித்தேன். டேப்பை உரித்தால், கதவில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. மூன்று தரம் அடித்தும் அப்படியே. காரைக் கடைக்கே கொண்டுபோனேன்.

சீனி சிரித்தான். "என்னண்ணே, கதவுக்கு அடிபட்டுக் கட்டுப் போட்டீங்களா? உங்க கார் பத்து வருஷமா வெயில்ல காஞ்சது லா. புது கலரு அப்படியே ஒட்டாது. டேப்ப எடுத்துட்டு, நல்ல பெயிண்டு மேலயும் போக விடணும். ஓரத்துக்குப் போகப் போக லேசா."

"நல்லா இருக்கிற இடத்துல எதுக்கு அடிக்கணும்? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"அப்பக் கோட்டோடயே ஓட்டுங்க."

மார்ச் 14, வியாழன்

இன்றும் சோறு மிஞ்சியது. ரெண்டு பேருக்குத்தான் அரிசி அளக்க வருகிறது.

மார்ச் 16, சனி

டேப் விட்ட கோட்டைத் தேய்த்து எடுத்தேன். இந்தத் தடவை டேப் போடவில்லை. நடுவில் ரெண்டு தரம், ஓரம் போகப் போகக் கையை விலக்கி, புகை மாதிரி. காய்ந்ததும் கதவு முழுக்கப் பளபளப்புக்குக் கிளியர் அடித்தேன். என் கண்ணை நம்பி என்ன பயன் என்று எதிர்வீட்டு ராக்காயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கீறல் எங்கண்ணே இருந்துச்சு?" என்றாள்.

நாளைக்கு நான் வாயே திறக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

பிள்ளை ஊரே கேட்கக் கத்தியது. கலா இளைத்திருக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் காரருகே வந்தாள். கதவைத் தடவினாள். கை சரியாக அந்த இடத்தில் நின்றது.

"நல்லா அடிச்சிருக்கீங்க."

"நான்தான் இடிச்சேன் கலா. கண் கிளினிக்குல."

"தெரியும். அன்னிக்கே காரைத் தொடைக்கையில மஞ்சளப் பாத்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே, நான் இடிக்கலன்னு." கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவ சொன்னா போதாதா? பெயிண்டு வந்து சொல்லணுமா?"

வா, வீட்டுக்குப் போலாம் என்றேன். முதல் தடவையாகக் கேட்கிறேன், எதையும் நான் கேட்டதில்லை அவளிடம்.

"இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. கண்ணு தெரியாது."

உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தினேஸ்வரி போன் செய்தாள். அம்மாவுக்குச் சேலைகள் வேண்டுமாம். எதெது என்று கேட்டேன். "எல்லாம்தாம்ப்பா."

ரெண்டு பையில் மடித்து வைத்திருக்கிறேன். மருமகன் வந்து எடுத்துக்கொள்வார் என்றாள். வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்றேன். காலை எட்டு மணி பஸ்.

கார் வாசல் போர்ச்சில் நிற்கிறது. கதவில் ஒன்றும் தெரியவில்லை.