கிணற்றுக்கு மருந்து

மே 6, 2025
அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டுக் கிணற்றில் இன்று என் சென்சாரை இறக்கினேன். ஆய்வகக் குழாய்த் தண்ணீரையே காட்டிக் காட்டி எனக்குச் சலித்துவிட்டது. அதன் நானோ படலத்தில் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும். தண்ணீரில் பூச்சிமருந்து மாதிரி ஏதாவது கரைந்திருந்தால் அந்த மின்சாரம் கூடும். அதன் அளவு ஒரு எண்ணாக என் போனுக்கே வந்துவிடும். அண்ணன் எட்டிப் பார்த்து, "கெணத்துக்கே ஈசிஜியா?" என்றான். தனியாக இருப்பவனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

மே 9
எண் கம்மி. நல்ல தண்ணீர்.

மே 14
உச்சிவெயில் கிணற்றுக்குள் இறங்கிய நேரம், வேங்கிக்காலில் என் ரூமில் போன் அதிர்ந்தது. எண் ஏறிக்கொண்டே போனது. நிழல் வந்ததும் விழுந்தது. படலம் கெட்டுவிட்டதோ? அண்ணனுக்குப் போன் போட்டேன். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, பாப்பா. புழு நெளிஞ்சிச்சு, சின்னசாமிகிட்ட மருந்து போடச் சொன்னேன். இப்ப ஒரு தவளைகூட கத்தல."
பிளீச்சிங் பவுடர்தானே என்று விட்டுவிட்டேன்.

மே 15
புதுப் படலம் மாற்றினேன். அதே ஏற்றம். பிளீச்சிங்குக்கு இப்படி ஏறாதே! குனிந்து பார்த்தேன். கோடைக் கிணறு, அடியில் கொஞ்சம் தண்ணீர். தவளை இல்லை, தட்டான் இல்லை, நீர்ப்பூச்சி இல்லை. என் முகம் மட்டும் அசையாமல் கிடந்தது.
"குடிக்காத ண்ணா."
"உன் மிஷினுக்கு வெயில் ஏறிடுச்சு, போ." என் எதிரிலேயே ஒரு சொம்பு மடமடவென்று குடித்தான், பாவி. கண்ணை வேறு கசக்கிக்கொண்டே இருந்தான்.

மே 16
காலையில் சின்னசாமியைப் பிடித்தேன். அண்ணன் நிலத்தில் வேலைக்கு வருபவர்.
"எந்த மருந்து போட்டீங்க?"
"கத்திரிக்கு அடிக்கிற மருந்துதாம்மா. புழுவுக்குத்தானே சொன்னாரு? பாட்டில்ல மிச்சம் இருந்தத ஊத்திட்டேன்."
வீட்டுக்குள் ஓடினேன். ஜன்னல் சாத்திய அறை. அண்ணன் வேர்த்து, வாயோரம் எச்சில் வழியக் கிடந்தான். "லைட்டப் போடு பாப்பா, ஒண்ணும் தெரியல" என்றான். அந்த இருட்டில் அவன் கருமணி விரிந்திருக்க வேண்டும். கடுகாய்ச் சுருங்கியிருந்தது — நடுவெயிலைப் பார்ப்பவனுக்குப் போல.

மே 17
நேற்றிலிருந்து ஆஸ்பத்திரி. சேர்த்தபோது டாக்டர் எடுத்ததும் கேட்டார்: "எதுக்கும்மா மருந்து குடிச்சாரு? வீட்ல சண்டையா?"
"மருந்து குடிக்கல சார். தண்ணிதான் குடிச்சான்."
அவர் நம்பவில்லை. என் மிஷினை நானே நம்பவில்லையே, அவரை என்ன சொல்ல? அண்ணாமலையாரே, இவனும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?

மே 24
எழுந்து உட்கார்ந்தான். இட்லி கேட்டான். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஜூலை 20
கிணற்றை முழுக்க இறைத்து, சேறு வாரி, மறுபடியும் மறுபடியும் இறைத்து, மழைக்குப் பின் ஊறிய தண்ணீர். படலத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எண் தரையோடு கிடக்கிறது. அண்ணன் இப்போது மிஷினைக் கேட்காமல் வாய்கூடக் கொப்பளிப்பதில்லை.
"சுத்தம்தானே பாப்பா?"
"சுத்தம் ண்ணா."
ஒரு சொம்பு குடித்தான். எனக்கும் மொண்டு கொடுத்தான். வாய் நிறைய வாங்கினேன். தொண்டைக்குள் இறங்கவில்லை. திரும்பி நின்று வாழையடியில் துப்பினேன்.
நிமிர்ந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.