கணவாய்க்குப் போகும் பக்கம்

ஜீலூபுலாக்,
ஜூன் 12

அன்புள்ள தம்பி எர்மெக்கிற்கு, அக்கா புருல் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். சாம்பல் நிறக் குதிரை பெட்டைக் குட்டி போட்டிருக்கிறது. நீ சியோலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் பாதியிலேயே "சரிக்கா, புதுசா ஒண்ணு பண்ணித் தரேன்" என்று கிளம்பிவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, அங்கே திரும்பிப் போகும் குல்சாத்திடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசிவரை படி.

நம் விருந்தினர் வீட்டுக்கு இந்தக் கோடையில் இதுவரை மூன்றே பேர் வந்தார்கள். அப்பா இருந்தபோது ஜூனில் கூடத்திலும் படுக்கை விரிப்போம். உன் மச்சான் போலோத் மாஸ்கோவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். ஜூலை மூன்று. கட்டட வேலை. அவர் முதுகு எந்த நிலையில் இருக்கிறதென்று உனக்கே தெரியும். "ஆளுங்க வந்தா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்கிறார். மகள் பெர்மெத் அவருடைய பெட்டியை எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். எங்கே என்று எனக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

போன வாரம் கரக்கோலுக்குப் போய், இணையதளங்களைப் பார்த்துக்கொள்ளும் மீரிம் என்ற பெண்ணிடம் நம் வீட்டுத் தளத்தைக் காட்டினேன். கூகுளில் ஊர்ப் பெயரைப் போட்டால் முதலில் வந்துகொண்டிருந்த நம் வீடு இப்போது ஆறாம் பக்கத்தில் கிடக்கிறது. முதலில் வருவது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடு. அவர்கள் தளத்தில் பத்து வருஷமாக அதே மங்கலான செம்மறி ஆடுதான் நிற்கிறது.

"ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவ மாத்தியிருக்காரு உங்க தம்பி. மாத்தறது தப்பில்லக்கா. ஆனா ஒவ்வொரு தடவையும் பக்கத்தோட முகவரியையும் மாத்திட்டாரு. பழைய முகவரிக்கு வர்றவங்கள புதுசுக்குத் திருப்பி விடவும் இல்ல. யாருகிட்டயும் சொல்லாம குடிபோனா எப்படி? கூகுள் வந்து பாக்குது, ஆளக் காணோம், போயிடுது" என்றாள்.

ஊர்ப் பெயரை முதலில் 'ஜே' போட்டு எழுதினாய். பிறகு 'இசட் எச்', இப்போது 'டி இசட் எச்'. நமக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் மூன்று ஊராகிவிட்டது. மீரிம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயே என்று வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். நம் வீட்டைத் தேடி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்தது ஒரே ஒரு பக்கத்தின் வழியாக. 'கணவாய்க்கு ஒரு நாள் நடை' என்ற பக்கம். அப்பா எழுதியது. ஓடையைக் காலையிலேயே தாண்டிவிடு, மதியம் தண்ணீர் ஏறும். சிவப்பு வாசல் கூடாரத்து நாய் கடிக்கும். இப்படி எல்லாம் எழுதி, மேலே கோணல் தொப்பியோடு அவர் படம். எந்தெந்த நாட்டுக்காரர்களோ அதன் முகவரியைத் தங்கள் கட்டுரைகளில் போட்டிருக்கிறார்கள். இன்றும் அதை அழுத்துகிறார்கள். பக்கம் இல்லை என்று வருகிறது.

அழகாக இல்லை, பிழை மலிந்திருக்கிறது என்று சொல்லித்தான் நீ அதை எடுத்தாய். தம்பி, நான் முட்டாள் இல்லை. தளம் தொடங்கிய பிறகு அப்பா இருந்த நான்கு வருஷமும் நீ அந்தத் தளத்தைத் தொடவே இல்லை. அவருக்கு மண் போட உன்னால் வந்து சேர முடியவில்லை. நாற்பதாம் நாளுக்கும் லீவு கிடைக்கவில்லை. அந்த வாரமே முதல் மாற்றம், அந்தப் பக்கம்தான் முதலில் போனது. அன்றைக்கே புரிந்தது. கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. கடைசி நாளில்கூட அப்பா, "அவன் அங்க தனியா இருக்கான், அவனத் திட்டாதீங்க" என்றுதான் சொன்னார்.

புதிதாக எதுவும் செய்யாதே. அந்தப் பக்கத்தை அதே முகவரியில், அதே பிழைகளோடு, அதே படத்தோடு திரும்பப் போடு. தேடலில் மேலே வர மாதக்கணக்காகும், ஆனால் பழைய சுட்டிகளை அழுத்துகிறவர்கள் அன்றைக்கே வந்துவிடுவார்கள் என்கிறாள் மீரிம். அப்புறம் ஒரு வருஷம் கை வைக்காதே.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் அழுதுகொண்டே போடு, ஆனால் ஜூலை மூன்றுக்குள் போடு. நம் வீட்டுக்கு ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர்தானே. அவரைத் திரும்ப வாசலில் நிற்க விடு.

உன்னைக் கடவுள் காக்கட்டும்.

அக்கா
புருல்