ஜிம்மியின் பல்லும் ஐந்து மணி அழைப்பும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. தேயிலைப் பாக்டரிக்கு வந்த இலையெல்லாம் ஈரம். வாட்டும் மாடியில் காற்றாடி ஓடு ஓடென்று ஓடியும் இலை வதங்கவில்லை. டீமேக்கர் என் மேல் எரிந்து விழுந்தார், பனியை நான்தான் வரவழைத்த மாதிரி.

ஜிம்மி இரண்டாம் நாளாகச் சோறு தொடவில்லை. தட்டுக்குப் போகிறான், முகர்கிறான், திரும்பி வந்து என் காலடியில் படுக்கிறான். வாய் நாற்றம் தாங்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் வீக்கம்.

வீட்டுக்காரி ரீட்டா குவைத்திலிருந்து வழக்கம்போல ஐந்து மணிக்கு அழைப்பு எடுத்தாள். சாப்பிட்டீங்களா, மழையா, ஒடம்பு பரவாயில்லையா, சரி வைக்கிறேன். மூன்று நிமிடம். நாலு வருடமாக இதே மூன்று நிமிடம். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. வருகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டு, இல்லை என்றுவிட்டால்? அவள் போகும்போதும் ‘ஒன் இஷ்டம்’ என்றுதான் சொன்னேன். பெரிய மனுஷன்.

ஒக். 8

ஜிம்மி விஷயத்தைச் சொன்னேன். ரீ. குரலே மாறிவிட்டது. “வாயத் தொறந்து காட்டுங்க. ஒதட்டத் தூக்குங்க. அங்க இல்லங்க, பின்னால.”

அவள் வேலை செய்யும் மேடம் வீட்டில் பூனை அளவுக்கு ஒரு வெள்ளை நாயாம். தினமும் அதற்குப் பல் தேய்த்துவிடுவது ரீட்டாவின் வேலையாம். நாலு வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

“இதையெல்லாம் என்னன்னு சொல்றது ஒங்ககிட்ட?”

22 நிமிடம். போனில் பார்த்தேன். அந்த வெள்ளை நாய் மேல் எனக்குப் பொறாமை. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஒக். 9

அறிவு கெட்ட வேலை. அவள் சொல்லித்தருவதற்குள் எனக்கு அவசரம். என் பழைய பிரஷ், என் பேஸ்ட். ஜிம்மி திமிறிக்கொண்டு வாயெல்லாம் நுரையோடு லயத்தைச் சுற்றி ஓடினான். “விசர் நாய், விசர் நாய்” என்று ஒரே கூச்சல். எட்டு வீட்டுக் கதவும் சாத்தியாச்சு. ஒவ்வொரு கதவாகத் தட்டி, பல்தான் தேய்த்தேன் என்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

ரீ. திட்டினாள். “மனுசப் பேஸ்ட்ட நாய்க்குப் போடலாமா? அதுக்குத் துப்பத் தெரியுமா?” பிறகு சிரித்தாள். நின்று நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள்.

அவள் சொன்னவை:
– சுத்தமான துணி, விரலில் சுற்றி, ஆறின சுடுதண்ணி
– வெளிப்பக்கம் போதும், வட்டமாக
– வீங்கின பக்கம் தொடவே கூடாது
– முதலில் டாக்டர்

ஒக். 11, சனி

பதுளை. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்றான் கண்டக்டர். தெமோதரையிலிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரர் வழியெல்லாம் கேலி. “எனக்கே கடவாப்பல்லு மூணு இல்ல. நாய்க்குப் பல்லு பாக்கப் போறீங்களாக்கும்.”

மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்து அம்மா, சின்ன வயது. ஜிம்மியின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இனிப்பு ஏதும் குடுக்கிறனீங்களோ, ஐயா?”

சொல்ல வேண்டியதாயிற்று. காலையில் பிளேன் டீ. உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம், எங்கள் ஆட்களுக்கு அதுதான் பழக்கம். கையில் மிஞ்சும் சீனியை ரீட்டா ஜிம்மிக்கு நீட்டுவாள், குட்டியிலிருந்தே. அவள் போன பிறகு நான் நீட்டினேன், ஒரு நாள் விடாமல். விட்டால் அவள் வீட்டில் இல்லை என்று ஆகிவிடும் போல இருந்தது. இந்தக் கடைசிப் பகுதியை டாக்டரிடம் சொல்லவில்லை.

“ஒன்பது வருசமோ? பல்லில ஊத்தை கல்லு மாதிரிப் பிடிச்சிருக்கு. முரசுக்குள்ள, அதுதான் ஈறுக்குள்ள, சீழ். மயக்க ஊசி போட்டுத்தான் கிளீன் பண்ண வேணும், ரெண்டு பல்லு கழட்டவும் வேணும். வயசுபோன நாய் ஐயா. எழும்பாமலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

ஐந்து மணிக்கு ரீட்டாவிடம் சொன்னேன்.

“நாந்தானே பழக்கிவிட்டேன்.”

“நாந்தானே விடல.”

“செஞ்சிருங்க. வலியோட கெடக்க வேணாம்.”

ஒக். 14

லீவு போட்டேன். கிளினிக் வாசல் பெஞ்சில் இரண்டு மணி நேரம். மழை. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அந்தோனியாருக்கு ஒன்று என்று நேர்ந்துகொண்டேன். ரீ. மூன்று தரம் எடுத்தாள், மேடத்துக்குத் தெரியாமல், குளியலறையிலிருந்து. “கண்ணு முழிச்சானா?” மூன்றாம் தரம் ஆமாம் என்று சொல்ல முடிந்தது. இரண்டு பேருக்கும் அழுகை.

ஒக். 15

காலை பிளேன் டீ. கை நீட்டவில்லை. ஜிம்மி தானாக வந்து உள்ளங்கையை முகர்ந்தான். ஒன்றும் இல்லை. நாயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒக். 18

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பீலிக் கரையில்தான் கிடைக்கும். ஆகவே தண்ணீர் பிடிக்கும் கூட்டத்துக்கு நடுவில், போனைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, துணி சுற்றிய விரலோடு நான்.

“நாளைக்கு ஜிம்மிக்குச் சவரமா அண்ணே?”

“ரீட்டாக்கா, அண்ணனுக்கும் சேத்துத் தேய்க்கச் சொல்லுங்க.”

31 நிமிடம். பல் நாலு நிமிடம்தான். மிச்சம் வேறு பேச்சு. அவள் அறைக்கு ஜன்னல் இல்லையாம். வெயிலில் குழாய்த் தண்ணீர் கொதிக்குமாம். இங்கே பனி மூடினால் எப்படி இருக்கும் என்று என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். இருபது வருடம் இதற்குள் கொழுந்து பறித்தவள். போனைத் திருப்பி மலையைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒக். 20

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத் தட்டு. ஜிம்மிக்கு எட்டாமல் அலமாரி மேல்.

ரீ.: “அதிரசம் இருக்கா? எனக்கும் சேத்துச் சாப்பிடுங்க.” அவ்வளவுதான் சொன்னாள். தட்டு இன்னும் அலமாரி மேல்தான்.

வைக்கும்போது, “நல்லாயிட்டா சொல்லுங்க. அப்புறம் ஒங்களத் தெனமும் இவ்ளோ நேரம் போன்ல புடிச்சு வச்சிருக்க மாட்டேன்” என்றாள்.

ஒக். 23

மறுபடி பதுளை. டாக்டர் அம்மாவுக்குச் சந்தோஷம். “முரசு வடிவா ஆறிட்டுது ஐயா. இப்பிடியே தேய்ச்சு வாங்கோ, இனிப் பயமில்லை.”

ஐந்து மணிக்கு ரீட்டா கேட்டாள். இன்னும் லேசாக ரத்தம் வருகிறது என்றேன். எப்படித்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததோ. 28 நிமிடம்.

ஒக். 27

பொய் வளர்கிறது. இன்று ‘கடைவாய்ப் பக்கம் சிவப்பு’. கிட்டக் காட்டுங்க என்றாள். வெளிச்சம் போதவில்லை என்றேன். பட்டப்பகல். ஜிம்மி முழுத் தட்டுச் சோற்றையும் காலி செய்துவிட்டு என் பின்னால் நின்று வாலாட்டுகிறான், துரோகி.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாலேகால் ஆனாலே பாக்டரியில் கை ஓடவில்லை. இந்த வயதில் மனைவிக்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூசை முடிந்து அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி. காற்று, நிற்கவில்லை.

பின்னேரம் பீலியில் ஆளில்லை. தேய்த்து முடித்தேன். ரீட்டா சொன்னாள், “ஈறு நல்லாத்தான் இருக்கு. பத்து நாளாவே நல்லாத்தான் இருக்கு. தெனமும் இதே வேலயத்தானே நான் இங்க பாக்குறேன், எனக்குத் தெரியாதா? ஏன் பொய் சொன்னீங்க?”

“நல்லாயிருச்சுன்னா நீ வச்சிருவியே.”

அந்த வேகத்திலேயே கேட்டுவிட்டேன், நின்றால் கேட்க மாட்டேன். “டிசம்பர்ல வந்துரு ரீட்டா. நீ இல்லாம முடியல.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் சுவர்தான் தெரிந்தது.

“போன மாசத்துக்கு முந்தின மாசமே சைன் வச்சிட்டேங்க. ரெண்டு வருசத்துக்கு. நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லல. நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்னு நெனச்சேன்.”

விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தேன்.

“அதச் சொல்லப் பயந்துகிட்டுத்தான் நானும் தெனமும் பல்லு பல்லுன்னு பேசிக்கிட்டு இருந்தேன்.”

அதாவது செப்டம்பர். அப்போது ஜிம்மிக்கு வலி தொடங்கியிருக்கும். நான் கவனிக்கவில்லை.

நவ. 3, திங்கள்

மழை. இலை குறைவு. டீமேக்கர் இன்று ஒன்றும் சொல்லவில்லை, என் மூஞ்சியைப் பார்த்திருப்பார்.

எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஐந்துக்கு முன்பே எடுத்தாள். கண் வீங்கியிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பீலிக் கரையில் நான், மடியில் ஜிம்மி.

“என்ன பேசுறது?” என்றாள்.

தெரியவில்லை என்றேன். பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது, இத்தனை நாள் பல்லையே பார்த்ததில் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து மேடம் கூப்பிடும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

“ஒன்னக் கூப்பிடுறாங்க” என்றேன்.

“கூப்பிடட்டும்” என்றாள்.