பதில் விளக்கு

காலையில் ஒரு சிறிய சர்க்யூட் போர்டில் வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் உருகி, பிசின் கருகும் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாக நின்றுவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காத அந்த வாசனை எனக்கு நீதான்.

தொழிற்சாலையில் பதினோரு வருஷம் நான் பற்றவைத்ததை நீ சரிபார்த்தாய். பிடிக்காவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாய். "பளபளன்னு இருக்கணும் லா. மங்கலா இருந்தா உள்ள பிடிக்கல." தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போன பிறகு நமக்கு மிஞ்சியது பிடோக் பேட்டையில் எதிரெதிர் அடுக்குமாடிப் புளோக்குகளும், சும்மா இருக்க முடியாத கைகளும். சர்ச்சில் ஞாயிறு பூசை முடித்து நீ வருவாய். தேக்கா சந்தையில் டீ குடித்துவிட்டு ஜாலான் புசார் சாலை வரை நடந்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சின்னச் சின்ன விளக்குகளும் பட்டன்களும் வாங்கி வருவோம். உன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மினுக்கும் நட்சத்திரம் செய்தோம். என் துளசித் தொட்டி காய்ந்தால் சத்தம் போடும் பெட்டியும் செய்தோம்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். நீ ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிப் பேசப் பழகினாய். உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போகும் காலை நேரங்களில் நீ தனியாக இருப்பாய். அப்படி ஒரு நாள் குளியலறையில் மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டாய். போன் படுக்கையறையில். கத்தக் குரலில்லை. கஞ்சி கொண்டுவந்த நான் உன்னைக் கண்டுபிடித்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்தது.

அந்த வாரமே கம்பியில்லா மணி செய்ய உட்கார்ந்தோம். கடைக்காரர் கொடுத்தவை தபால்தலை அளவில் இரண்டு துண்டுகள். ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். உன் கழுத்தில் பட்டன், என் சமையலறை ஜன்னலில் மணி. முதல் நாளே மணி அலறியது. நைட்டியோடு ஓடிவந்தேன். நீ நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். யாரும் அனுப்பாதபோதும் அந்த ரிசீவர் காற்றில் அலையும் ரேடியோ இரைச்சலை எல்லாம் செய்தியாக எடுத்துக்கொள்ளும் என்று பிறகுதான் புரிந்தது. அதனால் பட்டன் ஓர் எண்ணை அனுப்பும்படியும், அந்த எண் மூன்று முறை சரியாக வந்தால் மட்டும் மணி அடிக்கும்படியும் மாற்றினோம். அப்புறம் செய்தி சுவரைத் தாண்டவில்லை. ஆன்டெனா வயர் பதினேழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். நீ தையல் டேப்பை வைத்து அளந்து வெட்டினாய். நான் பற்றவைத்ததைப் பார்த்துப் பலகையில் 'மங்கல்' என்று எழுதினாய். திரும்பப் பற்றவைத்தேன். மணி அடித்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் காலை மணி அடிக்கவில்லை. ஆனால் எண் சரியாக வரும்போதெல்லாம் எரியும்படி அதன் மேல் வைத்திருந்த பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பயந்துபோய் வந்தேன். என்னிடம் சொல்லாமல் நீ, எண்ணை ஒரே முறை அனுப்பும் இன்னொரு பட்டன் சேர்த்திருந்தாய். ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டேன். நீ எழுதினாய்: 'கூப்பிடல. இருக்கேன்னு சொன்னேன்.'

அதன்பிறகு தினமும் பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நாளில் நீ கேட்டாய்: 'நீ பாத்தியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?' தெரியாதுதான். நம் பெட்டி ஒரு பக்கம் மட்டுமே பேசும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. என் பக்கமிருந்து உனக்கு ஒரு பதில் விளக்கு செய்துவிடலாம், அதே மாதிரி இன்னொரு ஜோடி போதும், அடுத்த வாரம் செய்கிறேன் என்றேன். துண்டுகளை வாங்கியும் வைத்தேன். மகள் வீடு மாறினாள், உதவப் போனேன். பிறகு தீபாவளி வந்தது. நீ மருத்துவமனைக்குப் போனபோது அவை பிரிக்காத உறையில் மேசை இழுப்பறையில் கிடந்தன. நீ திரும்பி வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு உன் வீட்டுக்காரர் பட்டனை என்னிடம் கொடுத்தார். அப்போது சொன்னார்: "அமுத்திட்டு கிச்சன் ஜன்னல்கிட்ட போய் நிப்பா. நீங்க விளக்கப் பாக்கத் திரும்பினா இங்கருந்து தெரியும்ல, அதுக்குத்தான்."

"நான் திரும்பலன்னா?"

"இன்னொரு தடவ அமுத்துவா."

சில நாட்களில் பச்சை விளக்கு இரண்டு மூன்று முறை எரியும். சர்க்யூட்டில் ஏதோ கோளாறு, ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்திருந்தேன். அந்த நாட்களில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டோ, போனில் பேசிக்கொண்டோ முதுகைக் காட்டி நின்றிருப்பேன். எதிரில் ஒன்பதாம் மாடியில் நீ காத்திருந்திருக்கிறாய்.

சென்ற மாதம் உன் வீட்டுக்காரர் அழைத்தார். கிளமெண்டியில் ஒரு பெண்மணி, உனக்கு வந்ததே அவருக்கும். தங்கை பக்கத்துப் புளோக்கில் இருக்கிறாள். ஒரு மணி செய்து தர முடியுமா என்றார். இன்று மதியம் கொண்டுபோய்ப் பொருத்தினேன். அவசர மணிதானே கேட்டோம், இது எதற்கு என்று தங்கை தன் பெட்டியில் இருந்த பட்டனைக் காட்டிக் கேட்டாள். அக்கா பச்சை விளக்கு அனுப்பினால் இதை அமுக்க வேண்டும் என்று சொன்னேன். வேலையாக இருந்தால் அப்புறம் அமுக்கலாமா என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "உடனே அமுத்திடுங்க."