விளக்கேற்றாத நாளுக்கு முந்தின நாள்

ஐப்பசி 19, திங்கள். காலையிலிருந்து தூறல். வெள்ளைக்காரன் கொடி இறங்கி இந்த நாட்டுக் கொடி ஏறிய வருடம். அதற்குப் பின் வந்த முதல் தீபாவளி கழிந்து இரண்டு வாரம். எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு ரெங்கசாமி எழுதுகிறார், நான் சொல்கிறேன். யாருக்கும் காட்டக் கூடாது.

மகள் பாக்கியத்துக்கு ஒன்பதாம் மாதம். இத்தனை மாதமும் வலிப்பு வரவில்லை. அவள் மாமியார் கட்டிய தாயத்துதான் காரணமாம். புகுந்த வீட்டில் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதானதிலிருந்து நான் பார்க்கிறேன். வீட்டுக்கு விலக்கானால் சாமி விளக்கேற்ற மாட்டாள். வலிப்பு வந்தால் அதற்கு முந்தின நாள்தான். என் மனைவிக்கும் அப்படியே. பாக்கியத்தைப் பெற்ற மூன்றாம் நாள் வலிப்பிலேயே போனாள்.

செவ்வாய். வெயில். எங்கள் காஜா பெராங் தெருவிலிருந்து கிளினிக்குக்கு நடை. விளக்குக் கணக்கைச் சொன்னேன், டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு மூளையை அடக்கி வைக்கிறதாம், சைக்கிள் பிரேக் மாதிரி. விலக்குக்கு முன் குறையுமாம், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நிறைய இருக்குமாம். முழுதாக யாருக்கும் இன்னும் தெரியாதாம்.

"புள்ள பொறந்ததும் அது மளமளன்னு எறங்கிடும் ஐயா. மாத்திரை இல்லாம விட்டுடாதீங்க."

மனைவி போனபோது பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாத்திரை இரண்டு பொட்டலம்.

புதன். மழை. மருமகன் முத்தையா ஒரு பொட்டலத்தை வாங்கி அலமாரியில் பூட்டினான். சாமியைச் சந்தேகப்படுகிறேனாம். அவன் அம்மா: "தெனம் வெளக்கேத்துறாளே சம்பந்தி, கண்ணு தெரியலையா?"

அதைத்தானே சொல்கிறேன். விளக்கு நின்றால்தான் பயம். இன்னொரு பொட்டலம் என் சட்டைப் பையில்.

வெள்ளி. விடியலில் பெண் குழந்தை. தீட்டு, விளக்கு இல்லை. மத்தியானம் கதவிடுக்கில் பார்த்தேன். பாக்கியத்தின் இடது கட்டைவிரல் துடிக்கிறது. அவளுக்கு எப்போதும் அங்கேதான் தொடங்கும். பேறு அறைக்குள் ஆண்கள் போவதில்லை. போனேன்.

"அப்பா, நீங்க ஏன் உள்ள வந்தீங்க?"

"முழுங்கு."

மாமியார் வெளியே போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிறு. மூன்றாம் நாள். வெக்கை. விரல் அசையவில்லை. திரும்பத் திரும்ப அதையே பார்க்கிறேன். முத்தையாவுக்கு என்னோடு பேச்சில்லை. ஆனால் காலை மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் அவன்தான்.

டாக்டரம்மா கேட்டதற்கு யோசித்தேன். அன்று மனைவியோடு அறையில் இருந்தவர்கள்: மருத்துவச்சி, ஜப்பான்காரன் காலத்தில் போனாள். என் அத்தை, அதற்கும் முன்னால். மூத்த அக்கா, போன வருடம். நான் வாசலில் நின்றேன், உள்ளே விடவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஆள். பாக்கியம்.